வலியில்லாப் பிரசவம்: கார்கோவிலிருந்து நியூயார்க் வரை ஒரு வாக்குறுதியின் பயணம்

தமிழில் பிரசவம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்ல நாம் தனியாக ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. "வலி வந்துருச்சு" என்பதோடு சரி. வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வந்த வலி நின்றுபோனால் அது சூட்டு வலி, இல்லை பொய் வலி. இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் நோவு. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதற்குப் புழங்கும் சொற்களுக்கு உழைப்பு, வேலை என்று பொருள். நமக்கு நேரடியாக வலிதான்.

1950களில் பாரிஸில் ஒரு பிரசவ விடுதி இந்தச் சொல்லையே வாசலுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தது. டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி மட்டுமில்லை. தரை துடைப்பவர், வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர் உட்பட யாரும் கர்ப்பிணிகளிடம் 'வலி' என்று பேசக்கூடாது. 'கருப்பைச் சுருக்கம்' என்றுதான் சொல்ல வேண்டும். "வலிக்குதாம்மா?" என்று ஆதரவாகக் கேட்பதுகூடக் கெடுதல் என்று அங்கே நம்பினார்கள். ஏனென்றால் அவர்கள் கொள்கைப்படி வலியை உண்டாக்குவதில் பெரும்பங்கு அந்தச் சொல்லுக்குத்தான்.

இன்று 'லமாஸ்' என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது ஹாலிவுட் படங்களில் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து "ஹூ... ஹூ..." என்று மூச்சு விடும் காட்சி. நம் ஊர்ப் பெரிய நகரங்களிலும் கர்ப்பிணிகளுக்கான வகுப்புகளில் இந்தப் பெயர் அடிபடுகிறது. அதன் பூர்வீகம் ஸ்டாலின் காலத்து உக்ரைன் என்பது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. குறிப்புகள் எடுக்க எடுக்க வேறொன்றுதான் மனதில் தங்கியது. இந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தாயின் வாக்குமூலம் இருக்கிறது. யாரோ ஒருத்தி தனக்கு எப்படிக் குழந்தை பிறந்தது என்று சொல்கிறாள், அல்லது எழுதுகிறாள். அதைக் கேட்டு மருத்துவம் அசைகிறது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

முதல் வாக்குமூலம் லண்டனில் கிடைத்தது. கிராண்ட்லி டிக்-ரீட் என்ற இளம் டாக்டர், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் ஏழை வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மழை பெய்த ஓர் இரவில், ஒழுகும் குடிசை ஒன்றில், பிரசவத்தின் உச்சத்தில் இருந்த பெண்ணுக்குக் குளோரோஃபார்ம் முகமூடியை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் குழந்தை பிறந்தது. ஏன் மருந்து வேண்டாம் என்றாய் என்று பிறகு கேட்டாராம். வலிக்கவில்லையே, வலிக்க வேண்டும் என்று இருக்கிறதா என்ன என்கிற தொனியில் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இது டிக்-ரீட் எழுதியபடி. அந்தப் பெண்ணின் பக்கத்துக் கதை நமக்கு வரவில்லை, பெயர்கூட.

அந்த ஒற்றைப் பதிலின் மேல் அவர் ஒரு கொள்கையைக் கட்டினார். பயம் வந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலிக்கிறது, வலித்தால் பயம் கூடுகிறது. இந்தச் சுற்றை அறுக்க வேண்டும், அதற்கு கர்ப்பிணிக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தளர்ந்து படுக்கப் பழக்க வேண்டும். 1933ல் 'இயற்கைப் பிரசவம்' என்ற புத்தகம் வந்தது. 1942ல் வந்த அடுத்த புத்தகம்தான் பிறகு 'பயமில்லாப் பிரசவம்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. பிரசவ அறையில் பெண்ணைத் தனியே விடாதீர்கள் என்று அடித்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதற்காக அவரை மதிக்கலாம்.

ஆனால் டிக்-ரீட் எழுத்தில் நமக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 'நாகரிகம் தொடாத' பெண்கள் வலியில்லாமல் பெற்றுப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், படித்த வெள்ளைக்காரப் பெண்தான் பயத்தால் வலியை வரவழைத்துக்கொள்கிறாள் என்று அவர் நம்பினார். படித்த வகுப்புப் பெண்கள் பயத்தில் பிள்ளை பெறுவதைக் குறைத்தால் பிரிட்டிஷ் இனம் என்னாவது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. இது அவர் கண்டுபிடித்ததல்ல, காலனிக் காலம் முழுக்கச் சொல்லப்பட்டதுதான். நம்மிடமும் இதற்கு ஓர் உள்ளூர்ப் பதிப்பு இருக்கிறது: "அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே வரப்புல பெத்துட்டு, மறுபடியும் வயல்ல இறங்கிருவாளுக." இதைச் சொல்பவர்கள் யாரும் வரப்பில் பெற்றவர்கள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரப்பிலேயே செத்தவர்கள் கதை சொல்ல வரமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். பெற்றுவிட்டு மறுபடியும் வயலில் இறங்கியவளுக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை என்பது இன்னொரு பக்கம்.

சரி, கார்கோவுக்கு வருவோம்.

கார்கோவ் உக்ரைனின் கிழக்கில் உள்ள பெரிய நகரம். அங்கே 1920களிலிருந்தே கான்ஸ்தாந்தின் பிளாத்தோனவ் என்ற மருத்துவர் ஹிப்னாட்டிசத்தால் வலியைக் குறைக்க முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த மனநல மருத்துவர் இல்யா வெல்வோவ்ஸ்கி. பிரசவத்திலும் ஹிப்னாட்டிசம் ஓரளவு பலித்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிபுணர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். எல்லாப் பெண்களும் ஹிப்னாட்டிசத்துக்கு வசப்படுவதும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கார்கோவ் இடிபாடாகக் கிடந்தது. சோவியத் யூனியன் இழந்த உயிர்கள் இரண்டு கோடிக்கும் அதிகம். அரசுக்குக் குழந்தைகள் வேண்டும். பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 'வீரத் தாய்' பட்டம் 1944லேயே அறிவிக்கப்பட்டாயிற்று. ஆனால் பிரசவ வலிக்குக் கொடுக்க மருந்தும் இல்லை, மயக்க மருந்து நிபுணரும் இல்லை. இந்த நெருக்கடியில்தான் வெல்வோவ்ஸ்கியும் சகாக்களும் 1940களின் கடைசியில் புது வழிக்கு வந்தார்கள். பெண்ணைத் தூங்கவைக்க வேண்டாம். விழித்திருக்கும்போதே, கர்ப்ப காலத்திலேயே, கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன? 'மனவழித் தடுப்பு' என்று பொருள்படும்படி இதற்கு ஒரு கனமான பெயர் வைத்தார்கள்.

கொள்கைக்குப் பாவ்லோவ் கைகொடுத்தார். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு மணிச் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுமே, அந்தப் பாவ்லோவ்தான். அவர் 1936லேயே இறந்துவிட்டார், ஆனால் அந்த வருடங்களில் சோவியத் அறிவியலில் அவர் பெயரைச் சொல்லாமல் எதுவும் நகராது. வெல்வோவ்ஸ்கியின் வாதம் இப்படிப் போகும்: சுருக்கம் என்பது தசையின் வேலை, அவ்வளவுதான். ஆனால் பெண் சிறுவயதிலிருந்தே பிரசவம் என்றால் வலி என்று கேட்டுக் கேட்டு வளர்கிறாள். சொல் என்பது மனிதர்களுக்கு மணிச் சத்தம் மாதிரி. சுருக்கம் வந்ததும் மூளை வலியை எதிர்பார்த்துத் தயாராகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை அழித்து வேறொன்றைப் பழக்கு. சுருக்கம் வந்தால் மூச்சு, வயிற்றை மெல்ல நீவுவது, எண்ணுவது. மூளை ஒரு வேலையில் தீவிரமாக இருந்தால் வேறு சேதிகள் அதற்குள் நுழையாது.

1951ல் சோவியத் சுகாதார அமைச்சகம் இந்த முறையை நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னது. உத்தரவு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கார்கோவில் கவனமாக நடந்த பயிற்சி, மற்ற ஊர்களில் கடைசி நேரத்தில் ஒப்புக்கு நடக்கும் சில வகுப்புகளாகச் சுருங்கியது. பயிற்சி கொடுத்தவர் பிரசவ நேரத்தில் கூட இருப்பதும் அரிது. சோவியத் மகப்பேறு இல்லங்களில் தொற்றுப் பயம் காரணமாகக் கணவனோ தாயோ உள்ளே வர முடியாது. தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையசைக்க வேண்டியதுதான். புள்ளிவிவரங்கள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. அமைதியாகப் பெற்றவள் வெற்றிக் கணக்கில் வருவாள். கத்தியவளுக்குப் பயிற்சி போதவில்லை.

அதே 1951ல் பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று சோவியத் யூனியனுக்குப் போனது. அதில் இருந்தவர் ஃபெர்னான் லமாஸ், வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. லெனின்கிராடில் பேராசிரியர் நிக்கலாயெவின் மருத்துவமனையில் ஒரு பெண் இந்த முறையில் பிள்ளை பெறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். முப்பது வருடம் பிரசவம் பார்த்த மனிதர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று நெகிழ்ந்துபோனார். ஊர் திரும்பியதும் தான் வேலை பார்த்த ப்ளூவே தெருப் பிரசவ விடுதியில் இதையே செய்வேன் என்று நின்றார்.

அந்த விடுதி யாருடையது என்பது முக்கியம். பாரிஸின் 11ஆம் வட்டாரத்தில், உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்தியது. கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கில் இருந்த சங்கம். அங்கே பிள்ளை பெற வந்தவர்கள் ஃபேக்டரித் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவிமாரும். சோவியத்திலிருந்து வந்த முறை என்பது அந்த இடத்தில் குறையல்ல, பெருமை. 1952ல் முதல் பிரசவங்கள் நடந்தன.

சோவியத்திலிருந்து கொண்டுவந்த முறையில் லமாஸ் இரண்டு மாற்றங்கள் செய்தார். ஒன்று மூச்சு. ஆழமான மெதுவான மூச்சோடு, சுருக்கம் தீவிரமாகும்போது வேகமாக, மேலோட்டமாக இளைக்கும் மூச்சையும் சேர்த்தார். 'நாய்க்குட்டி மூச்சு' என்று பெண்களே செல்லமாகச் சொல்வார்கள். படத்தில் நாம் பார்க்கும் "ஹூ ஹூ" இதன் பேரப்பிள்ளைதான். இன்னொன்று அதிகம் பேசப்படாதது, எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பெண்ணோடும் பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க ஒருத்தி. 'மோனித்ரீஸ்' என்பார்கள், பயிற்சித் தோழி என்று வைத்துக்கொள்ளலாம். வகுப்பு எடுத்தவளே வந்து தலைமாட்டில் நிற்பாள், "இப்ப சுருக்கம் ஏறுது, மூச்சை மாத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கணவர்களும் வகுப்புக்கு வரலாம், பிரசவ அறைக்கும் வரலாம். 1952ல் இது சாதாரணமில்லை.

வகுப்புகளில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் பாதி உடற்கூறு. கருப்பை எங்கே இருக்கிறது, வாய் எப்படித் திறக்கிறது, பனிக்குடம் உடைந்தால் என்ன ஆகும். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட தொழிலாளிப் பெண்களுக்கு யாரும் இதைப் படம் போட்டுச் சொன்னதே இல்லை. பிரசவமான பிறகு தங்கள் அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டார்கள். அந்த எழுத்துகளில் ஒரு தொகுப்பை லமாஸின் சகா பியேர் வெல்லேயும் அலின் வெல்லேயும் 1956ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். எத்தனை மணிக்குச் சுருக்கம் தொடங்கியது, எப்போது டாக்ஸி பிடித்தோம், எந்த மூச்சு, எப்போது தடுமாறியது என்று மணிவாரியாகப் போகும் கணக்கு அது. பெண்ணின் பிரசவத்தைப் பற்றி டாக்டர் எழுதுவது பழசு. பெண்ணே எழுதி, அது அச்சில் வந்து, அடுத்த கர்ப்பிணி கையில் பாடப்புத்தகமாகப் போவது புதுசு.

ஆனால் அதே விடுதியில் இன்னொரு ஏடும் இருந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தரம் போட்டார்கள். மிகச் சிறப்பு, நன்று, சுமார் என்று இறங்கி, கடைசியில் தோல்வி. எதை வைத்துத் தரம்? பெண் அமைதியாக இருந்தாளா, மூச்சைப் பிடித்தாளா, கத்தினாளா என்பதை வைத்து. அதாவது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதை வைத்து. உள்ளே எவ்வளவு வலித்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பிரிட்டனின் ஷீலா கிட்ஸிங்கர் பிற்பாடு இதைக் கடுமையாக விமர்சித்தார். இவர் இயற்கைப் பிரசவத்துக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடியவர், எதிர்முகாம் ஆள் இல்லை. பெண்ணை நல்ல மாணவி, கெட்ட மாணவி என்று பிரிக்கும் பயிற்சி அது என்பது அவர் குறை.

இங்கேதான் வாக்குறுதி திரும்பிக் கடிக்கிறது. வலி என்பது தவறான பழக்கத்தால் வருவது என்று சொல்லிவிட்டால், வலித்தவள் சரியாகப் பழகவில்லை என்று ஆகிறது. 'வலியில்லாப் பிரசவம்' என்ற பெயரை நம்பி வந்து, நடுவில் கத்திவிட்ட பெண்கள், பிள்ளை நலமாகப் பிறந்த பிறகும் எதிலோ தோற்றுவிட்ட மாதிரி குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போனார்கள். முன்பெல்லாம் வலி கடவுள் கொடுத்த தண்டனை என்றார்கள். அதில் குறைந்தபட்சம் எல்லாப் பெண்ணும் சமம். இப்போது அது தனிப்பட்ட மதிப்பெண் ஆகிவிட்டது.

கடவுள் என்றதும் போப்பாண்டவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏவாளுக்கு இட்ட சாபத்தில் பிரசவ வேதனை இருப்பதால், 1847ல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோதே இது மதத்துக்கு ஆகுமா என்ற பேச்சு கிளம்பியது. 1853ல் விக்டோரியா ராணியே ஜான் ஸ்னோவை அழைத்துக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டது அதை ஓரளவு அடக்கியது. இப்போது கம்யூனிஸ்டு நாட்டிலிருந்து வந்த முறை. கத்தோலிக்கப் பெண்கள் போகலாமா? 1956 ஜனவரி 8 அன்று 12ஆம் பயஸ் மருத்துவர்கள் முன்னிலையில் பேசினார். முறையில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை, வேதாகமம் இதைத் தடுக்கவில்லை, கண்டுபிடித்தவர்களின் சித்தாந்தம் எதுவானாலும் அறிவியல் சரியா என்பது தனிக் கேள்வி என்றார். மாஸ்கோவும் வத்திக்கானும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டிய அபூர்வமான தருணம். அடுத்த வருடம் ஜான் காபின் நடித்து, கிராமத்தில் இந்த முறையைக் கொண்டுவரும் டாக்டரைப் பற்றிய படமே வந்துவிட்டது. அதே 1957 மார்ச்சில் லமாஸ் இறந்தார்.

இனி அமெரிக்கா. அங்கே முறை எப்படி வேர்விட்டது என்று புரிய, நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1914ல் அமெரிக்கப் பெண்கள் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்டுப் போராடினார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் க்ரோனிக், கௌஸ் என்ற இரு மருத்துவர்கள் மார்ஃபினும் ஸ்கோபொலமினும் கொடுத்து 'அந்தித் தூக்கம்' என்ற நிலையில் பிரசவம் பார்த்தார்கள். வலி போவதில்லை, நினைவுதான் போகும். பெண் கத்துவாள், புரளுவாள், விழித்ததும் ஒன்றும் ஞாபகமிருக்காது. ஃப்ரைபுர்க்கில் இருட்டறை, அமைதி, ஒரு பொருளைக் காட்டி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஆளுக்கேற்ற அளவில் மருந்து, எப்போதும் ஒருவர் பக்கத்தில். அங்கே போய்ப் பெற்றுவந்த வசதியான பெண்கள் ஊருக்குத் திரும்பிச் சங்கம் அமைத்தார்கள், பத்திரிகைகளில் எழுத்து வந்தது, பெரிய துணிக்கடைகளில்கூடக் கூட்டம் போட்டுக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்த ஃபிரான்சிஸ் கார்மடி 1915ல் பிரசவத்தில் இறந்ததும் இயக்கம் அடங்கியது. மருந்து மட்டும் தங்கிவிட்டது.

தங்கியது எப்படி என்பதுதான் சோகம். இருட்டறை வரவில்லை, கூட ஆள் வரவில்லை, ஆளுக்கேற்ற அளவும் வரவில்லை. ஊசி வந்தது. ஊசி போட்டால் பெண் நினைவில்லாமல் புரளுவாள், கீழே விழுவாள், அதனால் கட்டிலோடு கை கால்களைக் கட்டினார்கள். விழித்தபிறகு அவளுக்கு ஞாபகம் இருக்காது என்பதால் புகாரும் வராது.

ஆனால் ஞாபகம் இருந்தவர்களும் இருந்தார்கள். 1957 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் பத்திரிகை, பெயர் வெளியிடாத ஒரு நர்ஸின் கடிதத்தைப் போட்டது. பிரசவ அறைகளில் நடக்கும் கொடுமையை விசாரியுங்கள் என்று கேட்டிருந்தாள். அதைப் படித்த தாய்மார்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 1958 மே இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். மணிக்கணக்கில் கட்டிப்போட்டது, டாக்டர் வரும்வரை குழந்தை வராமலிருக்கக் கால்களைச் சேர்த்துப் பிடித்தது, கத்தினால் கேலி செய்தது. சமையல் குறிப்பும் தையலும் வரும் பத்திரிகையில் இது. திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு, அது வலியைப் பற்றியதல்ல: தனியாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தச் சூட்டில்தான் 1959ல் மார்ஜரி கார்மலின் 'நன்றி, டாக்டர் லமாஸ்' வந்தது. கார்மல் பாரிஸில் வசித்த அமெரிக்கப் பெண். 1955ல் முதல் குழந்தையை லமாஸிடம் பெற்றார். அமெரிக்கா திரும்பி நியூயார்க்கில் இரண்டாவது பிரசவத்துக்கு, அதே மாதிரி விழிப்போடு பெற ஒத்துக்கொள்ளும் டாக்டரைத் தேடி அலைந்த கதை புத்தகத்தின் பிற்பகுதி. பிரசவப் புத்தகங்களில் அபூர்வமாக, இதைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் நடை. பாவ்லோவ், சோவியத் எல்லாம் போகிறபோக்கில் வந்துபோகும். பனிப்போர் காலத்து அமெரிக்க வாசகிக்கு மனதில் நிற்பது ஓர் அன்பான பிரெஞ்சு டாக்டர். வெல்வோவ்ஸ்கியின் பெயர் அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை.

அடுத்த வருடம், 1960ல், கார்மலும் எலிசபெத் பிங் என்பவரும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிங் ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் வந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி, அங்கே பிசியோதெரபி படித்தவர். பிரசவமான பெண்களுக்கு வார்டில் உடற்பயிற்சி கொடுக்கப் போனபோதுதான், மயக்கத்தில் பெற்றுப்போட்டு என்ன நடந்தது என்றே தெரியாமல் படுத்திருந்தவர்களைப் பார்த்து இந்தத் துறைக்கு வந்தார். அவர் வகுப்பு எடுக்கத் தொடங்கிச் சில வருடம் கழித்து அவருக்கே குழந்தை பிறந்தபோது, எதையெல்லாம் எதிர்த்தாரோ அந்த மயக்க மருந்துகளோடுதான் பிறந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. இந்த நேர்மை அவருடைய வகுப்புகளில் பிரதிபலித்தது என்று நினைக்கிறேன். பாரிஸின் மதிப்பெண் ஏட்டை அவர் கொண்டுவரவில்லை. மருந்து கேட்டால் வாங்கிக்கொள், அது தோல்வியில்லை என்பார். கார்மல் 1964லேயே போய்விட்டார். பிங் 2015ல் நூறு வயதில் இறந்தார்.

அமெரிக்காவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பயிற்சித் தோழிக்குச் சம்பளம் கொடுக்க எந்த ஆஸ்பத்திரியும் தயாரில்லை. அவள் இடத்துக்குக் கணவன் வந்தான். காசு செலவில்லாத தோழி. அதற்கும் ஆஸ்பத்திரிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அறைக்குள் விடச் சொல்லித் தம்பதிகள் 1960கள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1970களில் கதவு திறந்தது. கணவன் உள்ளே வந்தது நல்லதுதான். ஆனால் நூறு பிரசவம் பார்த்தவள் நின்ற இடத்தில், ஆறு வகுப்புக்குப் போய்விட்டு, பாதி நேரம் அவளைவிட அதிகமாகப் பயந்துபோய் நிற்கும் ஒருவன். நம் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதில் ஆயிரம் குறை சொல்லலாம், செலவு உட்பட. பெற்று அனுபவப்பட்ட ஒருத்தி பக்கத்தில் இருப்பாள் என்பது மட்டும் அதில் உறுதி. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அம்மாவும் அத்தையும் வார்டு வாசலில் நின்றுபோனார்கள்.

பிரான்சில் கதை வேறு திசையில் போனது. முதுகில் போடும் எபிடியூரல் ஊசி பரவலானதும், வலியில்லாமல் பெற மூச்சுப் பயிற்சி எதற்கு என்று கேள்வி வந்தது. 1994ல் அரசுக் காப்பீடு அதன் முழுச் செலவையும் ஏற்றது. இன்று அங்கே பெரும்பாலான பெண்கள் எபிடியூரலோடுதான் பெறுகிறார்கள். லமாஸ் முறை பிறந்த நாட்டில் அந்தப் பெயர் பாட்டிமார் ஞாபகம். வலி உண்மையாகவே போக வேண்டுமென்றால் எபிடியூரலுக்கு ஈடாக மூச்சு நிற்காது, அதில் மழுப்ப ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் பிங் தொடங்கிய அமைப்பு இன்றும் லமாஸ் பெயரில் இயங்குகிறது. இப்போது அது வலியில்லாப் பிரசவம் என்று எதையும் உறுதி சொல்வதில்லை. ஆறு நடைமுறைகளைச் சொல்கிறது. பிரசவம் தானாகத் தொடங்க விடு, எழுந்து நட, தேவையில்லாத தலையீடு வேண்டாம், மல்லாந்து படுத்து முக்காதே, பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்காதே, கடைசிவரை கூட ஒருவர் இருக்கட்டும். நாய்க்குட்டி மூச்சு இந்த ஆறில் இல்லை.

கடைசியாகச் சொன்னதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. பிரசவத்தில் தொடர்ந்து துணை இருப்பதைப் பற்றி காக்ரேன் அமைப்பு 2017ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் நடந்த 26 சோதனைகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, பிரசவ நேரம் சற்றுக் குறைவு, வலிமருந்து தேவைப்பட்டதும் குறைவு. அனுபவம் மோசமாக இருந்தது என்று சொன்னவர்களும் குறைவு. ப்ளூவே தெருவில் நல்ல பலன் கிடைத்ததற்கு பாவ்லோவ் எவ்வளவு காரணம், தலைமாட்டில் நின்றவள் எவ்வளவு காரணம் என்று அந்தத் தர ஏட்டில் பிரித்து எழுதவில்லை. ஒவ்வொரு வரியிலும் இருந்தது பிள்ளை பெற்றவளுக்கான மதிப்பெண் மட்டும்தான்.